60 டாலரில் ஓர் ஆண்டு: மவுண்ட் ஹோலியோக்கில் 19ஆம் நூற்றாண்டு மாணவியர்

1847 நவம்பரில், பதினேழு வயது நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்த ஒரு மாணவி, விடுதியில் தனக்கு ஒதுக்கப்பட்ட வேலையைப் பற்றித் தன் தோழிக்கு எழுதினார். காலையிலும் நண்பகலிலும் சாப்பாட்டு மேசைகளின் முதல் வரிசையில் இருக்கும் கத்திகளை எடுத்துச் செல்ல வேண்டும். இரவில் அதே எண்ணிக்கையிலான கத்திகளைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். அதைவிடக் கடினமான வேலை எதுவும் இல்லை என்ற நிம்மதியோடுதான் அவர் அதை எழுதுகிறார். அந்த மாணவி, பின்னாளில் பெரும் கவிஞராக அறியப்பட்ட எமிலி டிக்கின்சன். அவருடைய தந்தை ஆம்ஹெர்ஸ்ட் நகரில் பெயர் பெற்ற வழக்கறிஞர். அங்குள்ள ஆண்கள் கல்லூரியின் பொருளாளரும் அவரே. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், வேதியியலும் வரலாறும் படிக்க வந்த இடத்தில் ஏன் தினமும் கத்தி கழுவிக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு விடை தேடினால், 19ஆம் நூற்றாண்டின் மகளிர் கல்லூரி வாழ்க்கை எப்படி உருவானது என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

விடை ஒரு தொகையில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சவுத் ஹாட்லி என்ற சிற்றூரில் 1837 நவம்பர் 8 அன்று தொடங்கப்பட்ட மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில், தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாம் சேர்த்து ஓராண்டுக் கட்டணம் 60 டாலர். அந்தக் காலத்தில் பெண்களுக்கான உயர்நிலைப் படிப்பைத் தந்த நிறுவனங்களைச் ‘செமினரி’ என்றே அழைத்தனர்; ‘கல்லூரி’ என்ற சொல் ஆண்களுக்கு உரியதாக இருந்தது. நிறுவனர் மேரி லயன் இந்த 60 டாலரை மனம்போன போக்கில் குறிக்கவில்லை. பணக்கார வீட்டுப் பெண்களுக்கு எப்படியும் ஏதாவது ஒரு பள்ளி கிடைத்துவிடும் என்பதும், சிறு விவசாயிகளின் மகள்களுக்குத்தான் வழியில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஏனெனில் அவரே அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்.

1797இல் பக்லண்ட் என்ற மலைக் கிராமத்தில் பிறந்த மேரி லயன், ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனபின், பதின்ம வயதிலேயே அண்ணனுக்காக வீட்டைப் பார்த்துக்கொண்டார். அதற்கு அண்ணன் வாரத்துக்கு ஒரு டாலர் கொடுத்தார். 1814இல் பதினேழு வயதில் முதன்முதலாக ஆசிரியர் வேலைக்குச் சென்றபோது கிடைத்த சம்பளமோ, சாப்பாடு தவிர, வாரத்துக்கு 75 சென்ட். சமையலும் துப்புரவும் பார்த்தால் கிடைப்பதைவிடப் பாடம் சொல்லிக் கொடுத்தால் குறைவாகக் கிடைத்தது என்ற இந்தச் சின்னக் கணக்கை அவர் வாழ்நாளில் மறந்திருக்க முடியாது. அந்தச் சம்பளத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் எண்பது வாரம் சேர்த்தால்தான் 60 டாலர் ஆகும். எனவே, மிகக் குறைவு என்று நமக்குத் தோன்றும் அந்தக் கட்டணமும் ஆசிரியராக உழைத்துச் சேமித்து வந்த பெண்ணுக்கு எட்டும் தொலைவில் மட்டுமே இருந்தது, எளிதாக இருக்கவில்லை.

கட்டடத்துக்கான நிதியும் இதே போக்கில்தான் திரட்டப்பட்டது. பச்சை வெல்வெட் பையைக் கையில் எடுத்துக்கொண்டு மேரி லயன் ஊர் ஊராகப் போனார். பெண் ஒருத்தி துணையின்றி வண்டியேறிப் பணம் கேட்டு அலைவது அழகல்ல என்று நண்பர்களே முகம் சுளித்தனர். பெரிய கொடையாளர்கள் இருந்தார்கள் என்றாலும், 6 சென்ட் கொடுத்தவர்களின் பெயர்களும் நன்கொடைப் பட்டியலில் ஏறின. பல ஊர்களின் தையல் குழுப் பெண்கள் ஆளுக்கோர் அறைக்கான மெத்தை விரிப்புகளையும் சாமான்களையும் ஏற்றுக்கொண்டனர்.

இவ்வளவு குறைந்த கட்டணத்தில் விடுதி நடத்த வேண்டுமென்றால் இரண்டே வழிகள்தாம்: ஆசிரியர்களின் சம்பளத்தைக் குறைக்கலாம், வேலைக்காரர்களை வைக்காமல் இருக்கலாம். மேரி லயன் இரண்டையும் செய்தார். தனக்கு ஆண்டுக்கு 200 டாலர் மட்டுமே எடுத்துக்கொண்டார். மற்ற ஆசிரியைகளுக்கும் சொற்பமே கிடைத்தது. பெண் கல்விக்காக அன்று முன்னின்று பேசிய கேத்தரின் பீச்சர், ஆசிரியைகளுக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு அதைத் தியாகம் என்று சொல்வது தொழிலையே தாழ்த்திவிடும் என்ற பொருளில் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். பெண்கள் ஊதியத்தை எதிர்பாராமல் உழைப்பார்கள் என்ற எண்ணம் ஆசிரியத் தொழிலில் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

இரண்டாவது வழிதான் மாணவியரின் அன்றாட வாழ்வை வடிவமைத்தது. சமையல், ரொட்டி சுடுதல், பாத்திரம் கழுவுதல், கூட்டுதல், துணி துவைத்தல், மேசை அமைத்தல் என எல்லாவற்றையும் மாணவியரே செய்தனர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு உண்டு; அதற்கு ‘வட்டம்’ என்று பெயர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேர வேலை. யாருடைய தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பது வட்டத்தில் எடுபடாது. இதைப் பார்த்த வெளியார், இது ஏதோ வீட்டு வேலை கற்றுத் தரும் பள்ளி என்று நினைத்துக்கொண்டார்கள். மேரி லயன் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். வீட்டு வேலையைக் கற்றுக்கொடுப்பது தாயின் பொறுப்பு, அதற்காக இந்த நிறுவனம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. ரொட்டி சுடத் தெரிந்த பெண் ரொட்டி வட்டத்தில் சேர்வாள். தெரியாதவள் கத்தி துடைப்பாள். இங்கே வேலை என்பது பாடம் அல்ல, கட்டணத்தின் ஒரு பகுதி.

சாப்பாடு மோசமாக இருக்கவில்லை. டிக்கின்சன் தன் அண்ணன் ஆஸ்டினுக்கு அனுப்பிய ஒரு நாளின் உணவுப் பட்டியலில், நெருப்பில் வாட்டிய கன்றிறைச்சி, உருளைக்கிழங்கு, பூசணி, இறைச்சிச் சாறு, கோதுமை ரொட்டி, பழுப்பு ரொட்டி, வெண்ணெய், மிளகு, உப்பு, பிறகு ஆப்பிளை மாவில் பொதிந்து செய்த இனிப்பு, கடைசியாகத் தண்ணீர் என்று வரிசையாக எழுதிவிட்டு, அரசருக்கே பரிமாறலாம் அல்லவா என்று கேட்கிறார். தண்ணீரையும் ஒரு பதார்த்தமாகச் சேர்த்திருப்பதில் குறும்பு தெரிகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு இவ்வளவு சத்தாகச் சமைக்க முடியும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று தோழிக்கு எழுதியதில் குறும்பு இல்லை.

நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் தாமே சமைத்து, தாமே துவைத்து, அதற்கு நடுவில் படிக்கவும் வேண்டுமென்றால் மணியடிக்காமல் முடியாது. டிக்கின்சனின் கடிதம் ஒரு நாளை அப்படியே தருகிறது. காலை 6 மணிக்கு எழ வேண்டும். 7 மணிக்குக் காலையுணவு. 8 மணிக்குப் படிப்பு நேரம் தொடங்கும். 9 மணிக்குப் பெரிய கூடத்தில் வழிபாடு. 10.15க்குப் பண்டைய வரலாற்றை ஒப்பிக்க வேண்டும், 11 மணிக்கு ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கவிதை, 12 மணிக்கு உடற்பயிற்சி, 12.30க்கு மதிய உணவு. பின்னர் அரை மணி நேரம் பாட்டு, ஒரு மணி நேரம் பியானோ. 3.45க்கு அன்றைய நடத்தைக் கணக்கு ஒப்படைப்பு. 4.30க்கு மேரி லயனின் அறிவுரை. 6 மணிக்கு இரவுணவு. அதன்பின் பேசாமல் படிக்கும் நேரம். படுக்கச் செல்வதற்கான மணி 8.45க்கு அடிக்கும். ஆனால் தாமத மணி 9.45க்குத்தான் என்பதால் முதல் மணியைத் தாங்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்று அவர் ஒத்துக்கொள்கிறார். விடுதியில் இருந்து படித்த யாருக்கும் இந்த ஒரு மணி நேர இடைவெளியின் அருமை தெரியும்.

இந்த அட்டவணையைச் சிறை என்று சொல்லிவிடுவது எளிது. பல வரலாற்று எழுத்துகள் அப்படியே சொல்கின்றன. ஆனால் இதே மாணவியர் தங்கள் வீடுகளில் எப்படி இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பண்ணை வீட்டில் ஒரு பெண்ணின் நேரம் அவளுக்குச் சொந்தமல்ல. தம்பி அழுதாலும், பசு கன்று ஈன்றாலும், பாட்டிக்குக் காய்ச்சல் கண்டாலும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போக வேண்டியவள் அவள்தான். சவுத் ஹாட்லியில் வீட்டு வேலைக்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்தபோது, மிச்ச நேரத்தில் அந்த வேலை குறுக்கே வரக்கூடாது என்ற வரையறையும் கூடவே வந்தது. பெண்ணின் படிப்பு நேரத்தை மணியடித்துக் காத்த இடம் அவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் முதலாவது. என் பார்வையில், அந்த மணியோசையின் கெடுபிடியையும் அது தந்த விடுதலையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டும் அதே 60 டாலர் ஏற்பாட்டில் பிறந்தவை.

கெடுபிடியின் உச்சம் அந்த 3.45 மணி ஒப்படைப்பு. மாணவியர் சிறு பிரிவுகளாகக் கூடி, அன்றைக்கு எங்கே வராமல் இருந்தோம், எதற்குத் தாமதமானோம், பேசாத நேரத்தில் பேசினோமா, அறையில் யாரையாவது வைத்துப் பேசிக்கொண்டிருந்தோமா என்று தங்கள் குற்றங்களைத் தாங்களே சொல்ல வேண்டும். யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. தன் மனசாட்சியே சாட்சி. மேற்பார்வைக்கு ஆள் போட்டால் சம்பளம் தர வேண்டும் என்பதால் இதையும் ஒருவகைச் சிக்கனமாகக் கொள்ளலாம். ஆனால் மேரி லயனுக்கு அது அறப்பயிற்சி. விதியை மீறாமலிருப்பதைவிட, மீறியதை மறைக்காமலிருப்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. பொய் சொன்னால் தப்பிவிடலாம் என்ற நிலையில் தினமும் உண்மை சொல்ல வேண்டியிருந்தது எவ்வளவு பெரிய சுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

எனினும் மாணவியர் பசுக்களாக இருந்துவிடவில்லை. 1848 பிப்ரவரியில், காதலர் தின வாழ்த்துகளை அனுப்பக்கூடாது என்று மேரி லயன் கூடத்தில் எழுந்து நின்று தடை போட்டார். முந்தைய ஆண்டே அவருடைய கருத்தை அறிந்திருந்த பழைய மாணவியர், விடுமுறையிலேயே வாழ்த்துகளை எழுதி வெளியாள் ஒருவரிடம் கொடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். சுமார் 150 வாழ்த்துகள் அன்று காலையே போய்விட்டன. செய்தி அறிந்த ஆசிரியை ஒருவர், எத்தனை போயின, யார் யார் அனுப்பினார்கள் என்று விசாரிக்க நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அஞ்சலகத்துக்கே சென்றார். யாருக்கும் இன்னும் தண்டனை வரவில்லையாதலால் அவர் போன காரியம் பலிக்கவில்லை என்று நினைக்கிறோம் என்று டிக்கின்சன் ஆஸ்டினுக்கு எழுதினார். வெளியுலகம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதும் அவர் கடிதங்களிலேயே இருக்கிறது. மெக்சிகோ போர் முடிந்ததா, நாம் தோற்றோமா என்று அண்ணனைக் கேட்டுவிட்டு, எந்த நாடாவது சவுத் ஹாட்லியை முற்றுகையிடப் போவதாகத் தெரிந்தால் உடனே சொல், தப்பித்துப் போக வாய்ப்புக் கிடைக்கும் என்கிறார். அவருடைய வீடு சுமார் பத்து மைல் தொலைவில்தான் இருந்தது.

நேரத்தைப் போலவே ஆன்மாவுக்கும் கணக்கு இருந்தது. மேரி லயனின் காலத்தில் மாணவியர் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர்: கிறித்தவ நம்பிக்கையை வெளிப்படையாக ஏற்றவர்கள், ஏற்பார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு இடம் தந்தவர்கள், அதற்கும் இடம் தராதவர்கள். மூன்றாம் வகையினருக்கெனத் தனிக் கூட்டங்கள் நடந்தன; அறைத் தோழிகள் கண்ணீரோடு வேண்டினர். டிக்கின்சன் அந்த ஆண்டு முடியும்வரை மூன்றாம் வகையிலேயே இருந்தார். அவர் ஒருவர் மட்டும் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தார் என்று பிற்காலத்தில் பரவிய கதையைவிட, மூன்றாம் வகையில் வேறு பலரும் இருந்தார்கள் என்ற உண்மை எனக்குச் சுவையாகப் படுகிறது. யாரும் அதற்காக வெளியேற்றப்படவில்லை.

படிப்புக்கு வருவோம். சேர்வதற்கே தேர்வு உண்டு. டிக்கின்சன் மூன்று நாளில் அதை முடித்தார். தேர்ச்சி பெற முடியாமல் வீடு திரும்பியவர்கள் பலர். விண்ணப்பங்கள் குவிந்ததால் மேரி லயன் தரத்தை உயர்த்திக்கொண்டே போனார். பாடங்களில் கணிதமும் அறிவியலும் கனமாக இருந்தன. இது தற்செயல் அல்ல. ஆமோஸ் ஈட்டன் என்ற அறிவியலாளரிடம் வேதியியல் கற்ற மேரி லயன், அதைத் தாமே சோதனைகள் செய்து காட்டிக் கற்பித்தவர். 1848 தொடக்கத்தில் டிக்கின்சன் வேதியியலும் உடலியலும் படித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கடிதம் வந்தபோது தான் கந்தக அமிலத்தின் வரலாற்றில் மூழ்கியிருந்ததாக வரிசையாக ஆச்சரியக்குறிகள் போட்டு எழுதினார். இந்த மரபில் வந்தவர்கள் பிறகு அறிவியலாளர்களாகவே ஆனார்கள். 1851இல் படித்து முடித்த லிடியா ஷட்டக் தாவரவியலைக் கற்பித்தார். 1871இல் முடித்த கார்னீலியா கிளாப் விலங்கியலில் பெயர் பெற்று, 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆயினும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் படிப்பை முழுமையாக முடிக்கவில்லை. ஓராண்டு படித்துவிட்டுப் பள்ளியில் பாடம் நடத்தப் போவதும், பணம் சேர்ந்தால் திரும்பி வருவதும் வழக்கம். டிக்கின்சனும் ஓராண்டோடு நின்றார். அந்தக் கட்டணம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடவும் இல்லை. 1883இல் பட்டம் பெற்ற ஹார்ட்டென்ஸ் பார்க்கர்தான் அங்கே படித்ததாக அறியப்படும் முதல் கறுப்பினப் பெண். நிறுவனம் தொடங்கி அதற்குள் 46 ஆண்டுகள் ஓடிவிட்டன.

உடல்நலம் பற்றிய கவலை அந்த நூற்றாண்டு முழுவதும் கூடவே வந்தது. தொடக்க ஆண்டுகளிலேயே, 1840இல், காய்ச்சல் பரவி மாணவியர் சிலர் உயிரிழந்தனர். நாள்தோறும் ஒரு மைல் நடை கட்டாயம். நடக்காவிட்டால் அதையும் 3.45 மணிக்குச் சொல்ல வேண்டும். 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க், பருவப் பெண்கள் ஆண்களைப் போல மூளைக்கு வேலை கொடுத்தால் கருப்பை வளர்ச்சி கெடும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அது மளமளவென்று விற்றது. பட்டதாரிப் பெண்கள் சங்கம் அமைத்து 705 பட்டதாரிகளிடம் விசாரித்து 1885இல் வெளியிட்ட அறிக்கை, படிப்பால் அவர்கள் நலம் கெடவில்லை என்று காட்டியது. கத்தி கழுவியதாலோ துணி துவைத்ததாலோ உடல் கெடும் என்று கிளார்க்குக்குத் தோன்றவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

மவுண்ட் ஹோலியோக்கின் முறை பல நாடுகளுக்குப் போனது. அங்கே படித்த பிடீலியா பிஸ்க் 1843இல் பாரசீகத்துக்குச் சென்று உர்மியாவில் இதே மாதிரியில் பெண்கள் பள்ளியை நடத்தினார். 1874இல் தென்னாப்பிரிக்காவின் வெலிங்டனிலும் ஒன்று தோன்றியது. இந்த வரிசையில் யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளியைச் சேர்ப்பது தவறாகும். பாரசீகத்துக்கு பிஸ்கை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் அமைப்பின் ஆதரவில் ஹேரியட் வின்ஸ்லோ அதைத் தொடங்கியது 1824இல். அப்போது மவுண்ட் ஹோலியோக் பிறக்கவே இல்லை. தமிழ்ப் பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கத் தொடங்கி 13 ஆண்டுகள் கழித்துத்தான் சவுத் ஹாட்லியில் முதல் மணி அடித்தது.

அமெரிக்காவுக்குள்ளேயே வேறு பாதைகளும் வந்தன. பீர் வணிகர் மேத்யூ வாஸர் கொடுத்த பெருந்தொகையில் 1865இல் திறந்த வாஸர் கல்லூரியில் வேலைக்காரர்கள் இருந்தார்கள். மாணவியர் கத்தி கழுவவில்லை. ஆனால் மணிகள் அங்கும் அடித்தன. 1875இல் திறந்த வெல்லஸ்லி கல்லூரியின் முதல் தலைவர் அடா ஹோவர்ட், மவுண்ட் ஹோலியோக்கில் படித்தவர்; வீட்டு வேலை முறை அங்கேயும் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சவுத் ஹாட்லியில் பெயர் மெதுவாக மாறியது: 1888இல் ‘செமினரியும் கல்லூரியும்’, 1893இல் ‘கல்லூரி’ மட்டும். 1896 செப்டம்பர் 27 அன்று, சமையலறை, வகுப்பறை, வழிபாட்டுக் கூடம், படுக்கையறை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருந்த பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது, உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் மாணவியருக்குத் தனித்தனி விடுதிகள் கட்டப்பட்டன. அவற்றிலும் சாப்பாட்டு மேசையை மாணவியரே ஒழுங்குசெய்துகொண்டிருந்தார்கள். கத்தியும் துடைப்பமும் அவர்கள் கையை விட்டுப் போனது 1914இல்.